கல்குவாரிக் குழியில் குப்பை: ஒரு மாரி பொறுங்கள்

பொறியியல் கேள்வி – பதில்

சென்ற இதழில் கைவிடப்பட்ட கல்குவாரிகளைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: வேலை முடிந்த குவாரியைச் சபையின் குப்பை நிரப்பிடமாக மாற்றலாமா? ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எல்லோரையும் தொழிலாலும் ஊர்ப் பக்கத்தாலுமே குறிப்பிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே பழைய கருங்கல் குவாரி ஒன்று இருக்கிறது. பிரதேச சபை அங்கே குப்பை கொட்டப்போகிறது. "கீழே முழுக்கக் கருங்கல், ஒரு சொட்டும் இறங்காது, இயற்கையே கட்டித் தந்த தொட்டி" என்று கூட்டத்தில் விளக்கினார்கள். நம்பலாமா ஐயா?
*கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், படுவான்கரை*

நம்ப வேண்டாம். சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவர் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். அந்தக் கல்லுக்குள் தண்ணீர் போகாது என்பது உண்மை. நம் இரண்டு மாவட்டங்களின் அடியிலும் கிடப்பது விஜயன் தொகுதி என்று புவிச்சரிதவியலாளர் அழைக்கும் மிகப் பழைய நைஸ் பாறை. அதில் ஒரு துண்டு கண்ணாடி போல இறுக்கமானது. ஆனால் மலை ஒரே துண்டாக இல்லை. அதற்குள் வெடிப்புகள் ஓடுகின்றன. பாறைக்குள் இறக்கிய உங்கள் ஊர்க் குழாய்க்கிணறுகள் ஊறுவதே அந்த வெடிப்புகளால்தான். போதாததற்கு அந்த இடத்தில் பல வருடம் வெடி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெடியும் உடைத்தெடுத்த கல்லுக்குப் பின்னால் நிற்கிற சுவரிலும் தரையிலும் புதுக் கீறல்களை விட்டுத்தான் போகும்.

மண்ணுக்குள் இறங்கும் அழுக்குத் தண்ணீர் மெதுவாக நகரும். மண் அதைப் பிடித்து வைக்கும், கொஞ்சம் சுத்தமும் செய்யும். பாறை வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீரைத் தடுக்க எதுவும் இல்லை. குழாய்க்குள் ஓடுவது போல ஓடும், எந்தப் பக்கம் ஓடும் என்பதும் மேலே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சேவையில் சேர்ந்து ஆறாவது வருடம், ஒரு சபையில் இதே போன்ற குழியைப் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். ஆறேழு மீற்றர் ஆழம். ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. குழியின் அடியில் வெயிலில் காய்ந்த கல்தூள் மட்டுமே கிடந்தது. "குழி உலர்ந்திருக்கிறது, பாறை உறுதியானது, உகந்த இடம்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த மாதமே உழவு இயந்திரப் பெட்டிகளில் குப்பை போகத் தொடங்கியது.

இரண்டாவது மாரி முடிந்து தை மாதம் ஒரு முறைப்பாடு வந்தது. போய்ப் பார்த்தேன். குவாரியிலிருந்து நூறு மீற்றரில் இருந்த இரண்டு கிணறுகளும் தெளிவாகவே இருந்தன. கிழக்கே முந்நூற்றைம்பது மீற்றர் தள்ளியிருந்த ஒரு கிணற்றில் தண்ணீர் சாயத்தேநீர் நிறத்தில் கிடந்தது. மேலே எண்ணெய் போல ஓர் ஆடை. அந்த வீட்டு அம்மா முகம் கோணாமல் என்னை உட்காரவைத்துத் தேநீர் தந்தார். கேத்தலின் அடியில் செம்மஞ்சள் படிவு தடிப்பாக இருந்ததைக் கண்டேன். வேறு கிணறு இல்லை, மூன்று வாரமாக இதைத்தான் குடிக்கிறோம் என்றார். அந்தக் கோப்பையை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. அவர் எனக்கு முன்னால் இருந்து தன்னுடையதைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பவுசரில் தண்ணீர் கொடுத்தோம், குப்பையை நிறுத்தினோம். போட்ட குப்பையை யாரும் தோண்டி எடுக்கவில்லை. என் பிழை எங்கே என்று இன்றைக்கும் துல்லியமாகச் சொல்ல முடியும். கிழக்கில் நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போயிருக்கும் கோடை மாதத்தில் குழியைப் பார்த்தேன். மாரியில் வந்திருந்தால் அதே குழிக்குள் நாலு மீற்றர் தண்ணீரைக் கண்டிருப்பேன்.

ஆகையால் உங்கள் சங்கம் ஒன்றை மட்டும் விடாமல் கேட்க வேண்டும்: ஒரு முழு மாரி, ஒரு முழுக் கோடை நிலத்தடி நீர்மட்டத்தை அளக்காமல் ஒரு பெட்டிக் குப்பைகூட இறங்கக் கூடாது. குழியைச் சுற்றித் துளைக்கிணறு போட்டு, துளைக்குள் அழுத்தத்தில் தண்ணீர் செலுத்தி எந்த ஆழத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும் சோதனையும் செய்ய வேண்டும். சாயம் கரைத்து ஊற்றி எந்தக் கிணற்றில் வெளிவருகிறது என்று பார்ப்பதும் உண்டு.

நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட திண்மக் கழிவைக் கொட்டும் இடத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி சொல்கிறது. சிறிய சபைகளின் குப்பை அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும். அதனால் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கு இப்போதே எழுத்தில் கொடுங்கள். குவாரி அனுமதி பெற்றவர் குழியைச் சீர்செய்து கொடுத்தாரா என்று புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடமும் கேளுங்கள்.

நான் சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்களுக்குக் கிடைத்திருக்கும் குவாரியின் சுவர்கள் ஏறத்தாழச் செங்குத்து, 15 மீற்றர் உயரம். அடித்தளத்துக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் தாள் விரிப்பது புரிகிறது. சுவருக்கு என்ன செய்வது?
*அம்பாறை மாவட்டம்*

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதுதான் குவாரி வேலையின் கடினமான பகுதி. அடியிலிருந்தே தொடங்குகிறேன். சுவரின் பிரச்சினை அடியில் பிறக்கிறது.

முதலில் தொங்கிக்கொண்டிருக்கும் கற்களைத் தட்டி விழுத்த வேண்டும். கீழே ஆள் நின்று தாள் ஒட்டும் நாளில் தலையில் கல் விழக் கூடாது. பிறகு தரையின் மேடுபள்ளத்தைக் கல்தூளாலும் கிரவலாலும் நிரப்பிச் சமப்படுத்தி, நூற்றுக்கு இரண்டு சாய்வில் ஒரு மூலையை நோக்கி இறக்க வேண்டும். அதன் மேல் முதலில் வருவது நிலத்தடி நீர் வடிகால். பலர் இதைச் செலவு என்று வெட்டிவிடுகிறார்கள், வெட்டவே கூடாது.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் ஒரு சதுர மீற்றரை ஒரு தொன் விசையால் மேலே தள்ளும். 60 சென்டிமீற்றர் இறுக்கிய களிமண்ணின் பாரம் சுமார் 1.2 தொன். அதன் மேல் 30 சென்டிமீற்றர் சல்லிக்கல் அரைத் தொன். மொத்தம் 1.7 தொன். மாரியில் வெளியே நீர்மட்டம் உங்கள் அடித்தளத்துக்கு மேலே 5 மீற்றர் ஏறினால் கீழிருந்து 5 தொன் தள்ளும். களிமண் வெடிக்கும், தாள் பலூன் போல எழும்பும். 1.5 மில்லிமீற்றர் தாள் ஒரு சதுர மீற்றருக்கு ஒன்றரைக் கிலோகூட இல்லை. இறுக்கிய குப்பை ஒரு கன மீற்றர் 0.8 தொன் என்று வைத்துக்கொண்டால், தள்ளுவிசையை ஈடுசெய்ய மட்டும் 4 மீற்றர் உயரக் குப்பை வேண்டும். பாதுகாப்புக் காரணியையும் சேர்த்தால் 6 மீற்றர். அந்த உயரம் வரும் வரை அடி வடிகாலிலிருந்து இரவு பகலாகப் பம்ப் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்காத சபை குவாரியைத் தொடவே கூடாது.

வடிகாலுக்கு மேல் களிமண். தண்ணீர் ஊடுருவும் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பதே உலகம் முழுக்க உள்ள அளவுகோல். தேங்கி நிற்கும் பாரம் இல்லாவிட்டால் அந்தக் களிமண் வழியே ஒரு வருடத்தில் 3 சென்டிமீற்றர் தண்ணீர்தான் கடக்கும். குளத்தடிக் களியை அள்ளிப் போட்டு ரோலர் ஓட்டினால் இந்த அளவு வந்துவிடாது. 15, 20 சென்டிமீற்றர் படைகளாகப் போட்டு, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வொரு படையையும் சோதித்துத்தான் மேலே போக வேண்டும். களிக்கு மேல் எச்.டி.பி.ஈ. என்ற அடர்த்தியான பிளாஸ்டிக் தாள், அதன் மேல் தாளைக் கல் குத்தாமல் காக்கும் தடித்த ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன் மேல் சல்லியும் துளையிட்ட குழாயும். தாளின் மேல் கசிவுநீர், அதாவது குப்பையிலிருந்து வடியும் அழுக்குத் தண்ணீர், 30 சென்டிமீற்றருக்கு மேல் தேங்கவிடக் கூடாது. தாள் மூட்டுகளை இரட்டைத் தடமாக உருக்கி ஒட்டி, இடையிலுள்ள வாய்க்காலில் காற்றழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்கினால் ஓட்டை. ஒப்பந்தக்காரர் செய்துவிட்டேன் என்று சொல்வதைப் பதிவேட்டில் எழுதாதீர்கள். அழுத்தமானியை நீங்களே பாருங்கள்.

இனிச் சுவர். செங்குத்துப் பாறையில் களிமண் நிற்காது. தாளை மேலிருந்து தொங்கவிட்டால் என்ன ஆகும்? உள்ளே போடும் குப்பை ஆண்டுக்கணக்கில் அமுங்கும், உயரத்தில் நூற்றுக்கு பதினைந்து இருபது குறையும். அமுங்கும்போது சுவரோரத் தாளையும் துணியையும் பிடித்துக் கீழே இழுக்கும். கூரான பாறை முனையில் தாள் கிழியும். கிழிந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி சுவரோரமாக மண்ணணை எழுப்புவது. ஒரு மீற்றர் உயர்ந்தால் இரண்டு, மூன்று மீற்றர் உள்ளே வருகிற சாய்வில் படிப்படியாக இறுக்கிய மண்ணைக் கட்டி, அந்தச் சாய்வில் களியும் தாளும் போடுங்கள். இரண்டுக்கு ஒன்று சாய்வென்றால் 15 மீற்றர் சுவர் மேலிருந்து கீழே 30 மீற்றர் இடத்தைத் தின்றுவிடும். 80 மீற்றர் அகலக் குழியில் இரண்டு பக்கமும் அப்படிக் கட்டினால் அடியில் எஞ்சுவது 20 மீற்றர்தான். இந்த இழப்பைச் சொன்னவுடன் மேலதிகாரிகளின் முகம் மாறும். வேறு வழிகளும் இருக்கின்றன: பாறையில் கம்பி இறுக்கிச் சீமெந்துக் கலவையை அழுத்தக் காற்றால் பீய்ச்சி மட்டமாக்கி, தடித்த துணியும் தாளும் போட்டு, அதன் மேல் வழுக்கும் தாள் ஒன்றை விட்டுக் குப்பை அதை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கும்படி செய்யலாம். வெளிநாடுகளில் செய்கிறார்கள். அனுபவமுள்ள ஒப்பந்தக்காரரும் நாள்தோறும் நிற்கும் மேற்பார்வையாளரும் இல்லாமல் ஒரு பிரதேச சபை அதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கசிவுநீரை வெளியே எடுப்பதையும் யோசியுங்கள். மேட்டுநிலத்தில் கட்டினால் அது தானாகக் கசிவுநீர் சேர்க்கும் குளத்துக்கு வடியும். குழியில் வடியாது. சாய்வோரமாகப் பெரிய குழாயொன்றை அடிக் கிணறு வரை இறக்கி, அதன் வழியே பம்ப் இறக்கி ஏற்ற வேண்டும். அந்தப் பம்ப் உங்கள் ஓய்வூதிய காலத்துக்குப் பிறகும் ஓட வேண்டும்.

சீமெந்துக் கொங்கிறீற் போட்டால் என்ன? தண்ணீர்த் தொட்டி கட்டுவதில்லையா?
*மேசன், ஏறாவூர்ப் பக்கம்*

தொட்டி சிறியது, உள்ளே போய்த் திருத்தலாம். கால் ஏக்கர் கொங்கிறீற் உலரும்போதே வெடிக்கும். இளம் குப்பையின் கசிவுநீர் அமிலத்தன்மையானது, சீமெந்தைத் தின்னும். பதினைந்து மீற்றர் குப்பைக்கு அடியில் வெடித்தால் யார் போய்ப் பூசுவது?

எங்கள் வட்டை குவாரிக்குக் கீழே, வாய்க்கால் பக்கமாக இருக்கிறது. மாரியில் குழி நிரம்பி வயலுக்கு வருமா?
*விவசாயி, அம்பாறை மாவட்டம்*

2011 ஜனவரி வெள்ளத்தை நீங்களும் நானும் பார்த்தவர்கள். ஆகவே சராசரி மழையை வைத்து உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

100 மீற்றர் நீளம், 80 மீற்றர் அகலமான ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 8,000 சதுர மீற்றர். ஒரு நாளில் 200 மில்லிமீற்றர் மழை பெய்தால் குழிக்குள் விழுவது மட்டும் 16 இலட்சம் லீற்றர். 6,000 லீற்றர் பவுசர் 267 தடவை ஏற்றி இறக்க வேண்டிய தண்ணீர். அது குப்பையைத் தொட்ட கணத்தில் மழைநீராக இருப்பது போய்க் கசிவுநீராகிவிடுகிறது. இலங்கையில் நீர்நிலைக்குள் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. (அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. புதிய குப்பையின் கசிவுநீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

மழையை நிறுத்த முடியாது, குப்பையைத் தொடும் மழையைக் குறைக்கலாம். குழியை நாலு அறைகளாகப் பிரித்து, இடையில் அணை கட்டி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து நிரப்ப வேண்டும். அப்போது அதே மழைக்கு 267 பவுசர் 67 ஆகக் குறையும். மற்ற அறைகளில் விழும் சுத்த நீரைத் தனியாக இறைத்து வாய்க்காலுக்கு விடலாம். குழியைச் சுற்றி மேலே ஒரு கான் வெட்டி, மலையிலிருந்து ஓடிவரும் நீரை உள்ளே விடாமல் திருப்ப வேண்டும். ஒவ்வொரு நாளும் கொட்டிய குப்பையை அன்று மாலையே மண்ணால் மூட வேண்டும். மார்கழியில் மண் சேறாகிவிடும், டிப்பர் இறங்காது. மூடும் மண்ணைப் புரட்டாதிக்கு முன்பே அள்ளிக் குவித்துப் பொலித்தீனால் மூடி வைத்திருக்கிற சபையைத்தான் நான் நம்புவேன்.

உங்கள் கமக்காரர் அமைப்பு ஒன்றைச் செய்யலாம். வாய்க்கால் தண்ணீரைக் குப்பை வருவதற்கு முன்பே ஒரு முறை ஆய்வுகூடத்தில் சோதித்து அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். பிறகு தகராறு வந்தால் "முன்பும் அப்படித்தான் இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் வீடு குவாரி விளிம்பிலிருந்து ஏறத்தாழ நூறு மீற்றர். மணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வேறு ஆபத்து உண்டா?
*ஆசிரியை, மட்டக்களப்பு மாவட்டம்*

உண்டு டீச்சர். மூடிய குப்பைக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மெதேன் வாயு உண்டாகிறது. மெதேனுக்கு மணமில்லை. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை கலந்தால் ஒரு தீக்குச்சி போதும், வெடிக்கும். கசிவுநீர் போகும் அதே வெடிப்புகளில் வாயுவும் போகும்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் லொஸ்கோ என்ற ஊரில், செங்கல்லுக்காகத் தோண்டிய பழைய குழியைக் குப்பையால் நிரப்பியிருந்தார்கள். 1986 மார்ச் 24 அன்று காலை அருகிலிருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவர் காயங்களுடன் உயிர் தப்பினார்கள். வாயு ஏன் அன்றைக்கு வெளியே வந்தது என்று ஆராய்ந்தபோது, ஏழு மணித்தியாலத்துக்குள் வளிமண்டல அழுத்தம் 29 மில்லிபார் இறங்கியிருந்தது தெரிந்தது. வெளியே அழுத்தம் குறைந்தவுடன் நிலத்துக்குள் இருந்த வாயு மேலே எழும்பிவிட்டது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கார்த்திகை மாதம் நினைவுக்கு வரும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் நம்முடையது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் ஒவ்வொரு முறையும் இங்கே அழுத்தம் இறங்குகிறது. மழைக்குப் பயந்து கதவும் யன்னலும் சாத்தி, உள்ளே விளக்கேற்றி இருக்கும் இரவுகள் அவை.

வாயுவுக்கு வழி காட்ட வேண்டும். குப்பைக்குள் துளையிட்ட நிலைக்குத்துக் குழாய்கள், குழி விளிம்புக்கும் வீடுகளுக்கும் இடையே பாறைக்குள் இறக்கிய கண்காணிப்புத் துளைகள், மாதம் ஒரு முறை மெதேன் மானியால் அளந்த பதிவேடு. இவை மூன்றும் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நூறு மீற்றரில் வீடு இருக்கும்போது அந்தக் குவாரியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். திட்டமிடல் குழு என்ன சொன்னாலும் என் கருத்து இதுதான்.

வேறெங்கும் குவாரியில் குப்பை நிரப்பி வெற்றி கண்டிருக்கிறார்களா?
*பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்*

நிரப்பிய இடங்கள் நிறைய. நம் நாட்டிலேயே புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் வெட்டிய குழிகளில்தான் கொழும்பின் குப்பைக்கு நிரப்பிடம் அமைத்தார்கள். ரயிலில் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் கொண்டுபோகும் திட்டம். புத்தளம் மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். கொழும்பின் அவசரமும் எனக்குப் புரிகிறது: 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் புதைந்து இறந்தார்கள். ஆனால் ஓர் ஊரின் பயத்தை இன்னோர் ஊரின் தலையில் இறக்கிவைப்பதைத் தீர்வென்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

பொறியியல் பாடமாக நீங்கள் படிக்க வேண்டியது அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துப் பிரிஸ்டல் நகரம். நகரசபை பழைய ஆழ்ந்த குவாரியொன்றில் குப்பை நிரப்பியது. தாள், வடிகால், வாயுக்குழாய் எல்லாம் இருந்தன. செங்குத்துச் சுவரோரமாக வாயு வழி கண்டு மேலே வந்தது, குப்பைக்குள் வெப்பம் வழமைக்கு மேல் ஏறியது. ஊர் முழுக்க நாற்றம். கடைசியில் 2022 செப்டெம்பரில் குப்பை ஏற்பதை நிறுத்தினார்கள். பணமும் நிபுணர்களும் உள்ள நகரத்துக்கே சுவரோரம் இப்படித் தலைவலி கொடுத்தது. மேலே அம்பாறைத் தம்பிக்குச் சுவரைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் அதுதான்.

இருபது வருடம் தாங்கும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. சரியா?
*பிரதேச சபை உறுப்பினர்*

ஒரு நாளைக்கு 20 தொன் குப்பை என்று வைத்தால் வருடத்துக்கு 7,300 தொன். இறுக்கிய பின் 9,000 கன மீற்றருக்குச் சற்று மேல். மூடும் மண்ணையும் சேர்த்தால் ஏறத்தாழ 11,000. நான் முன்னே சொன்ன 100க்கு 80 மீற்றர் குழி 15 மீற்றர் ஆழம் என்றால் மொத்தக் கொள்ளளவு 1,20,000 கன மீற்றர். சுவரோர மண்ணணை, அடித்தளப் படைகள், அறை அணைகள், கடைசி மூடி எல்லாம் போகப் பாதி எஞ்சினால் நல்ல விடயம். அறுபதாயிரத்தைப் பதினோராயிரத்தால் பிரித்துப் பாருங்கள். ஆறு வருடம்கூட இல்லை.

இருபது என்ற எண்ணுக்குப் பக்கத்தில் போக ஒரே வழி, குழிக்குப் போகும் குப்பையைக் குறைப்பது. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் இலை குழையும். மீன் செதிள், வாழைத்தண்டு, தேங்காய் மட்டை. இவை பசளையாக வேண்டியவை. கசிவுநீரும் வாயுவும் மணமும் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. வாசலில் பிரித்து வாங்கிக் கூட்டெரு போடும் சபைக்குச் சிறு குழியே போதும். பிரிக்காத சபைக்கு எந்தக் குவாரியும் போதாது. ஆறு வருடத்தில் நிரம்பினாலும், மூடிய பிறகு 30 வருடம் கசிவுநீரையும் வாயுவையும் கண்காணிப்பதே மற்ற நாடுகளின் வழக்கம். அடுத்த முப்பது வருடத்துத் தவிசாளர்களுக்கும் சேர்த்து நீங்கள் இன்று கையுயர்த்துகிறீர்கள்.

எங்கள் பக்கம் யானை வருகிற காடு. வேலி போட்டால் போதுமா?
*உயர்தர மாணவி, அட்டாளைச்சேனைப் பக்கம்*

பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை உனக்குத் தெரியாமல் இருக்காது மகள். அங்கே பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் இருபது யானைகள் வரை இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உணவு மணக்கும் வரை யானை வேலியைத் தள்ளிக்கொண்டு வரும். உணவுக் கழிவை அங்கே கொண்டுபோகாமல் இருப்பதும், மற்றதை அன்றன்றே மூடுவதும் முதல் வேலி. மின்வேலி அதற்குப் பிறகுதான். குவாரி விளிம்பில் யானைக்குட்டி விழுகிற ஆபத்தும் இருக்கிறது. அதற்காகவே விளிம்பில் பாறாங்கற்களை அடுக்கி அணை போடச் சொல்லி உன் பாடசாலைச் சுற்றாடல் கழகம் எழுதலாம்.

நீர்மட்டம் அளக்க வேண்டும் என்று எப்போதும் எழுதுகிறீர்கள். சபை செய்யாவிட்டால் நாங்கள் எப்படி அளப்பது?
*இளைஞர் கழகத் தலைவர், வாகரைப் பக்கம்*

கூலியோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. குவாரியைச் சுற்றி அரைக் கிலோமீற்றருக்குள் உள்ள கிணறுகளில் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் ஒரே திசையில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கிணற்றுக்கட்டிலும் ஓரிடத்தில் சிவப்புப் பெயின்றால் கோடு போடுங்கள். அங்கிருந்துதான் எப்போதும் அளக்க வேண்டும். அளவு நாடாவின் நுனியில் கவிழ்த்த சிறு தகரக் குவளையைக் கட்டி இறக்குங்கள். தண்ணீரைத் தொடும்போது "டொப்" என்று சத்தம் கேட்கும். அந்த இடத்து அளவைச் சென்டிமீற்றரில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை, வாரத்தின் அதே நாளில், விடியற்காலையில், யாரும் தண்ணீர் அள்ளுவதற்கு முன்பு. குவாரிக் குழிக்குள் தண்ணீர் நின்றால் பாறையில் அளவுக்கோடு வரைந்து அதையும் எழுதுங்கள். கயிறும் துணையாளும் இல்லாமல் குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம். கைவிட்ட குவாரித் தண்ணீரில் பிள்ளைகள் மூழ்கிய செய்திகளை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம்.

அன்றைய மழையையும் குறித்து வையுங்கள். குழித் தண்ணீரும் ஒரு கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால், இரண்டும் பாறை வெடிப்பால் இணைந்திருக்கலாம். அந்தக் கிணற்றின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

மழை தொடங்குவதற்கு முன், ஒக்டோபர் முதல் வாரத்தில் ஆரம்பித்தால்தான் அடிமட்டம் பிடிபடும். அடுத்த ஒக்டோபரில் கொப்பியைப் பிரதியெடுத்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நானே பார்த்து வரைபடம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.